துக்கம் விசாரிக்க வந்தவர்

அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், முதுகுக்கு இன்னொரு தலையணை கொடுத்து அவளை நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். கடையில் எதையோ வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"நான் போற அன்னைக்கு மேயரு இந்த வீட்டுக்கு வரக் கூடாது. உங்கப்பா வரணும். கூட்டிட்டு வர்றது உன் பொறுப்பு."

"ரெண்டும் ஒரே ஆளுதானேம்மா."

"மத்தவங்க சொல்லட்டும். நீ சொல்லாத. உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். மண்டையை ஆட்டி வைத்தேன். ஆட்டினேனே தவிர, அந்த மனிதரை எங்கே போய்த் தேடி எப்படிக் கூட்டி வருவது என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் மேயராக இருக்கிற ஒருவரிடம் போய், இன்றைக்கு ஒரு நாள் எங்கள் அப்பாவைக் கொஞ்சம் அனுப்பி வையுங்கள் என்று கேட்க முடியுமா?

என் அப்பா இந்த ஊரின் மேயர். அதற்கு முன்னால் துணை மேயர். அதற்கு முன்னால் சுகாதாரக் குழுத் தலைவர், அதற்கும் முன்னால் வெறும் கவுன்சிலர். எல்லாவற்றுக்கும் முன்னால் நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவர். எங்கள் பழைய வீட்டின் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூரை வரை நிற்கும். நடுவில் ஒருக்களித்து நடந்தால்தான் சமையலறைக்குப் போகலாம். கல்யாணக்காரர்கள் மாதக்கணக்கில் முன்னால் வந்து, உட்கார்ந்து பார்த்து, பேரம் பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாவு வீட்டுக்காரர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம். போன் வரும். அப்பாவும் டெம்போ அண்ணனும் வண்டியில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். டெம்போ அண்ணன் என்பது எங்கள் வண்டியை ஓட்டியவருக்கு நான் வைத்த பெயர். டெம்போவை விற்று வெகு காலமாகிவிட்டது, அவரும் இப்போது மாநகராட்சிக் காரில் மேயரை வைத்து ஓட்டுகிறார், ஆனால் பெயர் விட மாட்டேன் என்கிறது.

மற்ற வாடகைக்காரர்கள் நாற்காலியை இறக்கிவிட்டு ரசீதை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்பாவுக்கு அது வரவில்லை. பந்தலைக் கட்டி முடித்துவிட்டு, டாக்டர் சான்றிதழ் வாங்கியாச்சா, மயானத்தில் நேரம் சொல்லியாச்சா, வெளியூரிலிருந்து யார் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நிற்பார். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் திகைத்து நிற்கிற வீட்டில் இப்படி ஒருவர் வந்து நின்றால் யார் மறப்பார்கள்? அத்தோடு விடாமல் அவர்களோடு சேர்ந்து அழவும் செய்வார். முன்பின் தெரியாத யாருக்காகவோ அழுதுவிட்டு வந்து, சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அதை மாற்றியது அம்மாதான். இதைச் சொல்லாமல் அப்பாவைத் திட்டினால் அது நியாயமில்லை.

"வீட்டுக்கு வீடு இப்படி அழுதா உடம்பு தாங்குமா உங்களுக்கு," என்று அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். "போனதும் உக்காந்துடுங்க. நிக்கிற ஆளப் பாத்தா கிளம்பப் போற ஆளு மாதிரி இருக்கும். எப்படி ஆச்சுன்னு கேக்காதீங்க, வர்ற ஒவ்வொருத்தரும் அதையேதான் கேப்பாங்க. குடிக்கத் தண்ணி கேளுங்க. எழுந்து போய் எடுத்துட்டு வர்ற அந்த ஒரு நிமிஷமாவது அவங்களுக்கு ஒரு வேலை இருக்கும். கையப் பிடிச்சு மூணு வார்த்தை சொல்லுங்க. எழுந்து வந்துடுங்க."

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஒத்திகையில் நான்தான் சாவு வீட்டுப் பெண். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்கோங்க" என்று ஆரம்பிப்பார். நான் பொங்கிச் சிரித்துவிடுவேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்து, "நீங்க திரும்பச் சொல்லுங்க" என்பாள். அவர் திரும்பச் சொல்வார். ஒரு கட்டத்தில் எனக்குச் சிரிப்பு வருவது நின்றுவிட்டது. அந்த அளவுக்கு நன்றாகச் செய்தார்.

வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றார். எதிர்த்து நின்றவர் சுவர் சுவராக எழுதினார், ஒலிபெருக்கி வைத்துக் கத்தினார். அப்பா வழக்கம் போல நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார், ஜெயித்தார். "செத்தவன் ஓட்டுப் போட மாட்டான் சரி, அவன் வீட்ல ஆறு பேரு இருக்கானே" என்று தோற்றவர் தலையில் அடித்துக்கொண்டாராம். பிறகு மன்றத்தில் இரண்டு கோஷ்டி. ஒருவர் சாலை என்றால் மற்றவர் சாக்கடை என்பார். மேயர் தேர்வு வந்தபோது இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றார்கள், கடைசியில் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அப்பா. ஏனென்றால் இரண்டு பக்கத்திலும் அவர் துக்கத்துக்கு வராத வீடு இல்லை. நாற்காலிக்காரருக்கே நாற்காலி கிடைத்துவிட்டது என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவும் கேட்டுச் சிரித்தார்.

சும்மா சொல்லக் கூடாது, மோசமான மேயர் இல்லை. கூட்டத்தில் மைக்கைப் பிடுங்குகிறவர்களைக்கூடக் குரல் உயர்த்தாமல் உட்கார வைப்பார். மூடாமல் கிடந்த சாக்கடைகளை மூடினார். மின் மயானம் கொண்டு வந்தார். மாநகராட்சிக்கென்று ஒரு அமரர் ஊர்தி வாங்கினார். துக்கம் விசாரிப்பதை மட்டும் விடவில்லை. முன்பு ஒரு வார்டு, இப்போது முழு ஊர். அம்மா காலையில் போன் மேல் போனாகப் பேசி, யார் வீட்டில் யார் போனார்கள், அங்கே யார் கையைப் பிடிக்க வேண்டும் என்று விசாரித்து வைப்பாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை காரின் பின்சீட்டில் எப்போதும் தொங்கும். அப்பா பல் விளக்கிக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

என் கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தவர், "இந்த இனிய விழாவுக்கு என்னை அழைத்த குடும்பத்தாருக்கு நன்றி" என்று பேசிவிட்டு இறங்கினார். குடும்பத்தார் என்றால் நாங்கள்தான். அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது போன வருஷம். ஈரல் என்றார்கள், மருந்து என்றார்கள், கடைசியில் வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்றார்கள். என் கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில். நான் கண்ணாடிக் கடையில் நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டு அம்மாவிடமே வந்துவிட்டேன். கடையில் என் வேலை, வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் தக்கபடி பிரேமை வளைத்துக் கொடுப்பது. கை பழகிவிட்டால் மனசு தேவையில்லை. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதும் சீக்கிரமே அப்படி ஆகிவிட்டது. துணி மாற்றுவேன், மருந்து கொடுப்பேன், ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். அழுகை வந்ததா என்று கேட்டால், இல்லை. வரும் என்று எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

அப்பா தினமும் சாயங்காலம் அறைக்கு வருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற நாற்காலியில் உட்காருவார். என்னிடம் தண்ணீர் கேட்பார். குடிப்பார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இரு, எது வேணும்னாலும் சொல்லு, நான் இருக்கேன்" என்பார். எழுந்து போய்விடுவார். வெளியே கார் கிளம்புகிற சத்தம் கேட்கும்.

"பாத்தியா," என்றாள் அம்மா ஒரு நாள். "உயிரோட இருக்கும்போதே எனக்குத் துக்கம் விசாரிச்சிட்டுப் போறாரு."

அவர் குடித்து வைத்த டம்ளரை நான் கையில் எடுத்தேன்.

"நான் சொல்லிக் குடுத்ததுதான். நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலையணை கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்து அந்த ஒரு பொறுப்பை என் தலையில் கட்டியது அதற்கு மறுநாள்.

அம்மா போனது ஒரு காலை நேரம். ஃபேனைக் குறைக்கச் சொன்னாள். நான் எழுந்து போய் சுவிட்சைத் திருப்பிவிட்டு வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது. வாயைத் துடைத்துவிட்டேன், கையை நேராக வைத்தேன், போர்வையை இழுத்துவிட்டேன். தொட்டுப் பார்க்காமலே தெரிந்துகொள்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் சாவு பழக்கம். மாமாவுக்குப் போன் செய்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறவர், வாய் நீளம், மனசு தங்கம். கடலில் இருக்கும் என் கணவருக்குச் செய்தி அனுப்பினேன். அப்பாவின் போன் டெம்போ அண்ணனிடம்தான் இருக்கும், ஏனென்றால் அன்றைக்கு மன்றத்தில் பட்ஜெட் கூட்டம்.

"அண்ணே, அம்மா போயிட்டா. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறோம்," என்றேன்.

போனில் பின்னால் யாரோ மைக்கில் கத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஐயாகிட்டச் சொல்றேன் பாப்பா," என்றார்.

"அப்பாவா வரச் சொல்லுங்க. மேயரா வர வேண்டாம்னு சொல்லுங்க. அம்மா சொன்னா."

"சரி பாப்பா," என்றார். அதை எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியாது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

பின்னால் அவர் என்னிடம் சொன்னதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். மன்றத்தில் குப்பை வண்டி டெண்டர் பற்றி யாரோ கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். டெம்போ அண்ணன் பின்பக்கமாகப் போய் அப்பாவின் காதில், ஒரு துக்கம் ஐயா என்று ஆரம்பித்திருக்கிறார். அதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை. அப்பா பேசுகிறவரிடமிருந்து கண்ணை எடுக்காமலே, "எந்த வீடு?" என்று கேட்டிருக்கிறார்.

"நம்ம வீடுதான் ஐயா. அம்மா."

அப்பா தலையாட்டினாராம். "எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

"நாலு மணி ஐயா."

"வர்றேன்னு சொல்லிடு," என்று சொல்லிவிட்டு, மைக்கை இழுத்து, அடுத்த உறுப்பினரைப் பேச அழைத்திருக்கிறார். உணவு இடைவேளை வரை கூட்டம் நடந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. நான் அண்ணனிடம் சொன்ன செய்தியைச் சொல்ல அவருக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் அதற்குள் பந்தல் போட்டாகிவிட்டது. நாற்காலிகள் வேறு யாரிடமிருந்தோ வாடகைக்கு வந்திருந்தன, கால் ஆடுகிற நாற்காலிகள். அப்பா தொழிலில் இருந்திருந்தால் இவற்றை வெளியே எடுத்திருக்க மாட்டார். அம்மாவைக் கூடத்தில் கட்டிலில் கிடத்தியிருந்தோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், அழுதார்கள், என்னைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் தோளின் மேலாக நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் இறங்கி வரப் போகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மாநகராட்சிக் கார் வந்து நின்றது. அப்பா இறங்கினார். சட்டை மாற்றியிருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. கையில் மலர் வளையம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கூட்டம் எழுந்து வழிவிட்டது. அவர் இரு பக்கமும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மலர் வளையத்தை அம்மாவின் காலருகில் வைத்தார். ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார். பிறகு எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

நான் எழுந்து போனேன். எங்கள் சமையலறையில், எங்கள் குடத்திலிருந்து, அவர் தினமும் குடிக்கிற அதே டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்தார்.

"மனசத் தேத்திக்கோங்க," என்றார். "ரொம்ப நல்ல மனுஷி. எது வேணும்னாலும் ஒரு போன் பண்ணுங்க, நான் இருக்கேன்."

அவர் கண் என்னைத்தான் பார்த்தது. ஆனால் நான் அங்கே இல்லை. நான் 'அப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் வரவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் பழகியது போலவே, நான் சாவு வீட்டுப் பெண்ணாகத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையை இரண்டு முறை தட்டிவிட்டு எழுந்தார், எல்லோரையும் பார்த்துத் தலையசைத்தார், காரில் ஏறிப் போய்விட்டார்.

மாமா வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்தவர் முகம் சிவந்திருந்தது.

"எங்க போறாரு இந்த மனுஷன்?"

"அடுத்த வீட்டுக்கு மாமா."

"என்ன உளர்ற?"

"இன்னொரு துக்கம் இருக்குமா இருக்கும். பழக்கம்."

மாமா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவரக் கட்டிக்கிட்டு எங்கக்கா எப்படிக் குடும்பம் நடத்துனாளோ," என்று சொல்லிவிட்டு பந்தலுக்குப் போய் யாரிடமோ காரணமில்லாமல் சத்தம் போட்டார். எனக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அம்மா கொடுத்த ஒரே வேலையைக் கோட்டை விட்டுவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. அதுகூட யாரோ சொல்லிக் கேட்டது போலத்தான் இருந்தது.

அமரர் ஊர்தி வந்து வாசலில் நின்றது. நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் நேரே மயானத்துக்கு வரட்டும், எடுத்துவிடலாம் என்றார் மாமா. அப்போதுதான் டெம்போ அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, நீ கொஞ்சம் வர முடியுமா? டயர் கடைக்காரர் வீட்ல இருக்கோம். ஐயா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல பாப்பா. எப்பவும் போல போனாரு, உக்காந்தாரு, தண்ணி கேட்டாரு. அந்த வீட்டம்மா தண்ணியக் கொண்டாந்து குடுத்துட்டு, உங்க வீட்லயும் இன்னைக்கு இப்படி ஆயிடுச்சாமே ஐயா, அத விட்டுட்டு நீங்க எதுக்கு இங்க வந்தீங்கன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான் கேட்டுச்சு. அப்ப புடிச்சு அழறாரு. யாராலயும் நிறுத்த முடியல. அவங்க வேற அவங்க ஆள எடுக்கணும்."

மாமாவின் ஆபீஸ் பையன்களில் ஒருவர் ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுபோய் விட்டார். டயர் கடை மயானத்துக்குப் போகிற சாலையில்தான் இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. பழைய டயர்களை இருபுறமும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள், நடுவில் வழி. ரப்பர் வாடையும் கிரீஸ் வாடையும். வெளியே நின்றவர்கள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கினார்கள். அவர்கள் முகத்தில் எரிச்சல் இல்லை, என்ன செய்வது என்ற சங்கடம்தான்.

உள்ளே சின்ன அறை. டயர் கடைக்காரர் பாயில் கிடந்தார். பெரிய கைகள், நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை. அவர் பக்கத்தில் தரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நாற்காலியிலிருந்து எப்போது இறங்கினாரோ தெரியாது. வெள்ளைச் சட்டையில் கறை. அந்த வீட்டம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். இல்லை, அழுகைக்கு நடுவில் வார்த்தை வந்துகொண்டிருந்தது.

"நான் வர்ற வரைக்கும் வாசல் லைட்ட அணைக்க மாட்டா. கரண்டு பில்லு ஏறுதுன்னு நான் திட்டுவேன். திட்டினாலும் அணைக்க மாட்டா. கல்யாணமான புதுசுல ஜன்னல் பக்கம் அவ படுத்துக்கிட்டிருந்தா. எனக்குக் காத்து வேணும்னு சொன்னேன். அன்னைக்கு மாறிப் படுத்தவதான். அவளுக்கும் காத்து வேணும்னு எனக்குத் தோணவே இல்லைம்மா."

"சொல்லுங்க ஐயா," என்றாள் அந்த அம்மாள். தன் புருஷனை எடுக்க வேண்டிய நேரத்தில் என் அப்பாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். அம்மாவுக்குச் சேர வேண்டியதை ஊரில் யாரோ ஒருவருடைய பாயின் ஓரத்தில் உட்கார்ந்து இந்த மனிதர் கொட்டிக்கொண்டிருந்தார். இதில் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, எங்கள் கூடத்தில் விழுந்திருக்கக் கூடாதா? பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறத் தொடங்கியது. அதை நான் கண்ணால் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டையின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். கையை ஊன்றி எழுந்திருக்கப் போனார். பார்வை டெம்போ அண்ணனைத் தேடி வாசலுக்குப் போனது. "கிளம்பலாமா?" என்றார், அவருடைய மன்றக் குரலில்.

எங்கள் வீட்டுக்கு நாலு நிமிடம் ஆகாது. ஆனால் காரில் ஏறிக் கதவைச் சாத்தினால், பின்சீட்டில் தொங்குகிற இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கள் வாசலில் இறங்கப் போவது யார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா கூட்டி வரச் சொன்ன ஆள் இதோ என் எதிரில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். இவரை இங்கிருந்து கிளப்பினால் வழியிலேயே தொலைத்துவிடுவேன்.

அவர் தோளில் கை வைத்து அழுத்தினேன். "உக்காருங்கப்பா."

உட்கார்ந்தார். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூடாததுதான்."

"கேளு கண்ணு."

"எங்கம்மாவ இந்த வழியாத்தான் கொண்டு போகணும். வண்டிய உங்க வாசல்ல கொஞ்சம் நிறுத்திக்கவா?"

அவள் தன் புருஷனைப் பார்த்தாள், என் அப்பாவைப் பார்த்தாள். "அந்த வண்டிதான் திரும்பி வந்து இவர ஏத்தணும்," என்றாள். "எப்படியும் இங்க வர வேண்டிய வண்டிதானே. நிறுத்திக்கோ."

மாமாவுக்குப் போன் செய்தேன்.

"உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்கா? புருஷன் இல்லாம எங்கக்காவ வீட்ட விட்டு எடுக்கச் சொல்றியா?"

"புருஷன் இங்க இருக்காரு மாமா. அங்க வந்தது வேற ஆளு. கொண்டு வாங்க."

மாமா எதற்கும் பதிலுக்குப் பதில் பேசுகிறவர். அன்றைக்கு ஒரே வார்த்தையில் "வர்றோம்," என்று வைத்துவிட்டார்.

கடைக்காரரின் மகன்கள் வெளியே போய் டயர் அடுக்குகளைத் தள்ளி இடம் செய்தார்கள். ஊர்தி பின்பக்கமாக வந்து வாசலை ஒட்டி நின்றது. மாமா இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு, நகர்ந்து நின்றார். நான் அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினேன். வாசலில் டெம்போ அண்ணன் பழக்க தோஷத்தில் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. ஊர்தியில் ஏறி, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் உட்கார்ந்தார். நான் எதிர்ப் பலகையில் உட்கார்ந்தேன்.

காலையிலிருந்து இப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார். அம்மா சொல்லிக் கொடுத்த மூன்று வார்த்தையில் ஒன்றுகூட அவருக்கு வரவில்லை. கன்னத்தைத் தொட்டவர், கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார்.

"சில்லுன்னு இருக்கா," என்றார்.

"ஆமாப்பா."

வெளியே எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தார்.

"கடைசியில என்னத் தேடினாளா கண்ணு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதில் இந்த ஊரிலேயே எங்கள் வீட்டை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வார்த்தைதான், அவர் பிழைத்திருப்பார். ஆனால் அம்மா கூட்டி வரச் சொன்ன ஆள் கேட்கிறார். அவரிடம் போய், துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில் சொல்வதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இல்லப்பா."

அவர் தலையாட்டினார்.

"தேடியிருக்க மாட்டா," என்றார். "நான் எந்த நேரம் வீட்ல இருந்தேன், அவ தேடறதுக்கு."

அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். முன்னாலிருந்து டிரைவர் திரும்பி, "ஐயா, போகலாங்களா?" என்று கேட்டார். அப்பா நிமிரவே இல்லை. டிரைவர் என்னைப் பார்த்தார். போகலாம் என்றேன்.